எதை நம்பிப் போனீர்கள்?

முதலியார்பேட்டையில் எம் இல்லத்து மர அலமாரியின் மேல்தட்டில், உள்ளங்கை அளவேயான பித்தளைப் பெட்டி ஒன்று இன்றும் இருக்கின்றது. மூடியைத் திறந்தால் வெண்ணிறத் தட்டும், அதில் பிரெஞ்சு எழுத்துகளால் குறிக்கப்பெற்ற நாற்றிசைகளும், நீலம் பூசிய முள் ஒன்றும் தென்படும். எம் பாட்டனார் வணிகத்தின்பொருட்டுச் சைகோன் நகரில் பல்லாண்டு வாழ்ந்து ஊர் திரும்பியபோது கொணர்ந்த திசைகாட்டி அது. அத்தா அவர்கள் அதனைத் துணியால் துடைத்து வைப்பார்களேயன்றி, எங்கும் எடுத்துச் சென்றதில்லை. ஆலைச் சங்கு ஊதும் மாலைப்பொழுதில் அப்பெட்டியைத் திறந்து பார்ப்பது சிறுவராயிருந்த எமக்குப் பெருநாள் மகிழ்ச்சிக்கு ஈடானது. அந்த ஆலை 2020-இல் மூடப்பட்டது, சங்கொலியும் ஓய்ந்தது. பெட்டி மட்டும் இருக்கின்றது.

இவ்வாண்டும் நம் துறை மாணவர்கள் களப்பயணம் செல்ல விழைகின்றனர். உடன்செல்லும் பொறுப்பு எமக்கு வந்துள்ளது. இச்செய்தியைக் கேட்டதும் எம் நினைவில் எழுந்தவை அப்பெட்டியும், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் ஒரு பெரியவர் எம்மிடம் கேட்ட கேள்வியும் ஆகும். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. அவ்விடையைக் காலந்தாழ்த்தியேனும் இம்மலரில் எழுத முற்படுகின்றோம்.

மலையில் ஒரு மாலை

2011-ஆம் ஆண்டு தைத் திங்கள். எம்.ஃபில். பட்டம் பெற்று, விரிவுரையாளராகப் பணியேற்றுச் சில காலமே ஆகியிருந்தது. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்ட பின்னர், தமிழ் பயில்வோர் அப்பகுதிக்குச் செல்வது ஒரு கல்விப் பயணமாகவே கருதப்படலாயிற்று. நாமும் பதினான்கு மாணவர்களுடன் ஜவ்வாது மலைச்சாரலுக்குச் சென்றோம்.

காலையில் மலையூர் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வழிகாட்டினார். கற்களைக் கண்டோம், எழுத்துகளைப் படியெடுத்தோம், கட்டுச்சோற்றை உண்டோம். பிற்பகல் மூன்று மணியளவில் அவர் தம் அலுவல் காரணமாக விடைபெற்றார். “வந்த வழியே போங்க. ஓடையைத் தாண்டவே தாண்டாதீங்க” என்று இருமுறை கூறிச் சென்றார்.

அவர் சொல்லை யாம் பொருட்படுத்தவில்லை. எம் தோள்பையில் பாட்டனாரின் திசைகாட்டி இருந்தது. நிலவரைபடத்தின் ஜெராக்ஸ் நகல் ஒன்றும் இருந்தது. குறுக்கு வழியில் சென்றால் நான்கு கிலோமீட்டரில் சாலையை அடைந்துவிடலாம் என்று அந்நகலில் அளந்து கண்டோம். அதனினும் பெரிதாக எம் தமிழறிவு துணைநின்றது. ‘கீழ்’ என்பதிலிருந்து கிழக்கும், ‘மேல்’ என்பதிலிருந்து மேற்கும் பிறந்தன. தமிழகம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்த நிலம். ஆதலின் நீர் கிழக்கு நோக்கியே பாயும். ஓடையைக் கடந்து அதன் போக்கிலேயே நடந்தால் கிழக்கே உள்ள சாலையை அடைவோம் என்று மாணவர்கட்கு நடந்துகொண்டே ஒரு சொற்பொழிவு ஆற்றினோம். அவர்களும் குறிப்பெடுத்துக்கொண்டனர்.

நான்கரை மணியிருக்கும். அதிகம் பேசாத மாணவன் ஒருவன் தயங்கியவாறு, “ஐயா, வெயில் நம் முகத்தில் அடிக்கிறதே?” என்றான்.

மாலை வெயில் முகத்தில் அடித்தால் நடப்பது மேற்கு நோக்கி என்பதற்குத் திசைகாட்டி வேண்டியதில்லை. தமிழ் இலக்கணமும் வேண்டியதில்லை. ஆயினும், “ஓடை சற்றே வளைகின்றது தம்பி, மீண்டும் திரும்பும்” என்று கூறி நடந்தோம். பெட்டியைத் திறந்து முள்ளையும் காட்டினோம். முள் எம் பக்கமே பேசிற்று. அந்தப் பிள்ளை அமைதியாகிவிட்டான். அவன் வாயை அடைத்ததுதான் அன்று யாம் செய்த பெரும்பிழை என்று இப்போது தோன்றுகின்றது.

ஐந்தரை மணிக்கு ஒரு மாணவன் பாறையில் வழுக்கிக் கால் பிசகிக்கொண்டான். இருவர் அவனைத் தாங்கிவர வேண்டியதாயிற்று. குடிநீர் தீர்ந்தது. செல்பேசியில் ‘சிக்னல்’ இல்லை. நான்கு கிலோமீட்டர் நடந்து முடித்தும் சாலையைக் காணோம். கதிரவன் மறைந்தான்.

மஃரிப் தொழுகைக்கு வரிசை அமைக்க எண்ணி, சமதளமான கல் ஒன்றின்மீது பெட்டியை வைத்தோம். கதிரவன் மறைந்த செவ்வானம் கண்ணெதிரே இருந்தது. முள்ளோ, அச்செவ்வானம் இருக்கும் பக்கத்தை வடகிழக்கு என்றது! பெட்டியைச் சற்றே சாய்த்தோம். முள் விடுபட்டு ஓடி, வேறோரிடத்தில் நின்றது. மீண்டும் சமமாக வைத்தோம். மீண்டும் தட்டில் உரசி, நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. மதியம் முதல் அம்முள் வடக்கைக் காட்டவே இல்லை. எங்கே சிக்கியதோ அங்கே நின்றிருந்தது. யாம் அதனை வடக்கு என்று எண்ணிக்கொண்டோம்.

தொழுது முடித்த வேளையில் மணியோசை கேட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு மூதாட்டி ஒருவர் வந்தார். எம் நிலையைக் கேட்டறிந்து, “யாரு தம்பி, தண்ணி கிழக்கால போவும்னு சொன்னது? இந்த ஓடை மேற்கால போயி, அந்தக் கரட்டைச் சுத்திக்கிட்டுல்ல திரும்புது” என்றார். மாணவர்கள் எம் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தனர். அவர் தம் பேரனை விளக்குடன் அனுப்பினார். இரவு ஒன்பது மணிக்குச் சாலையை அடைந்தோம்.

கல்லூரி வாயிலை அடைந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. கால் பிசகிய மாணவனின் தந்தை, எல்லோராலும் மதிக்கப்பெற்ற ஜமாஅத் பெரியவர், பனியில் காத்து நின்றார். மகனைத் தழுவிக்கொண்டார். பிறகு எம்மை நோக்கி, கடுஞ்சொல் ஒன்றும் கூறாமல், “அல்ஹம்துலில்லாஹ், கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள். பிள்ளைகளை உங்களிடம் அமானிதமாகத்தானே ஒப்படைத்தோம். எதை நம்பிப் போனீர்கள், சார்?” என்று கேட்டார்.

அன்பளிப்பின் குற்றம் யாது?

மறுவாரம் புவியியல் துறை நண்பரிடம் பெட்டியையும் நகலையும் கொண்டு சென்றோம். அவர் பெட்டியை மேசைமீது வைத்துப் பக்கவாட்டிலிருந்து நோக்கினார். முள்ளின் தென்முனை தாழ்ந்து தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. “இது கெட்டுப்போன கருவி அன்று, வேறு நாட்டிற்காகச் செய்த கருவி” என்றார்.

அவர் விளக்கியது இது. புவியின் காந்த விசை எல்லா இடத்தும் கிடைமட்டமாகச் செல்வதில்லை. வடக்கே செல்லச் செல்ல அது தரையை நோக்கிச் சாய்கின்றது. இதனைக் காந்தச் சரிவு என்பர். பாரிசு நகரில் இச்சரிவு அறுபது பாகைக்கும் மேல். அங்கே முள்ளின் வடமுனை கீழ்நோக்கி இழுக்கப்படும். அதனைச் சரிக்கட்ட, செய்வோர் தென்முனையில் சிறு எடை சேர்ப்பர். நம் புதுச்சேரியிலோ சரிவு ஏறத்தாழப் பத்துப் பாகை அளவே. இங்கே வடமுனையை இழுப்பாரில்லை. ஆதலின் சேர்த்த எடையால் தென்முனை தாழ்ந்து தட்டில் உரசுகின்றது. ஐரோப்பாவில் செவ்வனே ஆடும் முள் நம் மண்ணில் ஊன்றி நிற்பதன் காரணம் இதுவே. இன்றும் தரமான திசைகாட்டிகள் உலகைப் பல மண்டலங்களாகப் பகுத்து, மண்டலத்திற்கேற்பச் சமனிட்டே செய்யப்படுகின்றன. எல்லா மண்டலத்திற்கும் பொருந்தும் சிறப்பு வகையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு வாங்கிவரும் திசைகாட்டி எந்த மண்டலத்திற்கு உரியது என்று கேட்டறிதல் முதற்கடமை.

இச்சரிவு முற்றிலும் அற்றுப்போகும் காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டியே செல்கின்றது. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராயிருந்த ஜான் ஆலன் புரூன் என்பார் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காந்த அளவீட்டிற்காகத் தேர்ந்த உயரிடம் அகத்தியமலை. 1963-இல் தும்பாவில் ஏவூர்தித் தளம் அமைக்கப்பட்டதற்கும் இக்காந்தக் கோட்டின் அண்மையே காரணம். இறைவன் திருமணம் காண எல்லோரும் வடக்கே குழுமியதால் நிலம் சாய்ந்தது என்றும், அதனைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்றும் தமிழ்ப் புராண மரபு கூறும். முள்ளின் சாய்வு நீங்கிச் சமனுறும் நிலப்பகுதி அகத்தியர் பெயர் தாங்கிய மலையை ஒட்டியே அமைந்தது, தமிழாசிரியர்களாகிய நமக்கு ஓர் இனிய உடனிகழ்வு. உடனிகழ்வைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதைத்தான் ஓடைக்கரையில் கற்றோமே!

திசைகாட்டியைத் தேர்தல்

நண்பர் கூறியவற்றையும் பின்னர் யாம் பழகி அறிந்தவற்றையும் தொகுத்துரைப்போம்.

காட்டுவழி நடப்பார்க்கு ஏற்றது ஒளிபுகும் அடித்தட்டுடன் கூடிய திசைகாட்டி. அதனை நிலவரைபடத்தின்மீது வைத்தால் கீழுள்ள கோடுகள் தெரியும். முள் இருக்கும் கூடு சுழலக்கூடியதாயும், திரவம் நிரப்பியதாயும் இருத்தல் வேண்டும். திரவம் முள்ளின் நடுக்கத்தை அடக்கும். கூட்டினுள் காற்றுக்குமிழி பெரிதாக இருப்பின் வாங்கலாகாது. பாகைக் கோடுகள் இரண்டிரண்டாகவேனும் குறிக்கப்பட்டிருத்தல் நன்று. சாவிவளையத்தில் தொங்கும் பொம்மைத் திசைகாட்டி வேடிக்கைக்கு ஆகும், வழிநடைக்கு ஆகாது.

கடையிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனைகள் மூன்று. முதலாவது, தட்டைச் சமமாகப் பிடித்துப் பக்கவாட்டில் நோக்கி, முள் எங்கும் உரசாமல் மிதக்கின்றதா எனக் காணல். இரண்டாவது, இரும்புச் சாவி ஒன்றை அருகே கொணர்ந்து முள்ளை விலக்கி, சாவியை அகற்றியபின் முன்னிருந்த எண்ணிற்கே திரும்புகின்றதா எனப் பன்முறை பார்த்தல். மூன்றாவது, கடையிலுள்ள மூன்று நான்கு கருவிகளைப் போதிய இடைவெளி விட்டு வைத்து ஒப்பிடல். ஒன்று மட்டும் மாறுபட்டு நின்றால் அதனை விலக்குக.

இல்லத்திலும் சோதிக்கலாம், ஆயின் மாடியில் வேண்டா. யாம் முதலில் முதலியார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் சோதித்தோம். ஐந்தடி நகர்ந்தால் வடக்கு ஒன்றாக இருந்தது. காங்கிரீட்டினுள் உள்ள இரும்புக்கம்பிகளின் வேலை அது என்று பின்னர் புரிந்தது. அரியாங்குப்பத்து ஆற்றங்கரை மணலுக்குச் சென்ற பின்னரே முள் நிலைகொண்டது. சட்டைப்பையிலுள்ள செல்பேசி, இடைவாரின் கொக்கி, அருகே நிற்கும் மிதிவண்டி ஆகிய யாவும் முள்ளை ஏய்க்கும். இரவில் துருவ விண்மீன் உண்மை வடக்கிலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நிற்கும். நம் ஊரில் அது அடிவானத்திற்கு மேல் பன்னிரண்டு பாகை உயரத்திலேயே தென்படும். ஏனெனில் துருவ மீனின் உயரமே ஓர் ஊரின் குறுக்கைப் பாகையாகும். நம் கடலோடிகள் கயிறு கோத்த பலகையைக் கையில் நீட்டி அளந்தது இவ்வுயரத்தைத்தான்.

காந்தம் காட்டும் வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் உள்ள வேறுபாட்டைக் காந்த ஒதுக்கம் என்பர். நம் பகுதியில் அது ஓரிரு பாகையளவே. உலகின் வேறு சில பகுதிகளில் பதினைந்து, இருபது பாகையையும் தாண்டும். ஒரு பாகைப் பிழை, ஒரு கிலோமீட்டர் நடையில் ஏறத்தாழப் பதினேழு மீட்டர் விலக்கம் தரும். ஆதலின் இங்கே சிறு நடைகளில் ஒதுக்கம் பெரும்பிழை செய்யாது. சிக்கிய முள்ளும் அருகிலுள்ள இரும்புமே பெரும்பிழை செய்யும்.

இரும்பு நம் கையில் மட்டுமன்று, மலையிலும் உண்டு. சேலத்துக் கஞ்சமலையிலும், திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையிலும் ‘மாக்னடைட்’ என்னும் காந்த இரும்புக்கல் கிடக்கின்றது. அத்தகைய குன்றுகளில் நல்ல திசைகாட்டியும் பொய்யுரைக்கக்கூடும். திசைகாட்டியைத் தனியே நம்பலாகாது என்பதற்கு இஃதொரு காரணம்.

கிப்லாவை அறியவென்று விற்கப்படும் சிறு திசைகாட்டிகள் பலரிடம் உண்டு. அவற்றைக் குறித்தும் ஒரு சொல். புதுச்சேரியிலிருந்து கிப்லா நேர்மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 19 பாகை. ஆண்டுதோறும் மே 28-ஐ ஒட்டி, நம் நேரம் பிற்பகல் 2.48 மணிக்குக் கதிரவன் கஅபாவிற்கு நேர் மேலே நிற்கும். அவ்வேளையில் கதிரவன் இருக்கும் திசையே கிப்லா. இதனைக் கொண்டு எவரும் தம் கருவியைச் சரிபார்க்கலாம். இயன்றமட்டும் முயன்று திசை தேர்ந்தவனின் தொழுகைக்கு மார்க்கம் சலுகை தருகின்றது. காடு அச்சலுகையைத் தருவதில்லை. அதே 19 பாகைப் பிழையோடு மூன்று கிலோமீட்டர் நடந்தால், சேரவேண்டிய இடத்திற்கு ஒரு கிலோமீட்டர் அப்பால் நிற்போம்.

நிலவரைபடத்தைத் தேர்தல்

எம் ஜெராக்ஸ் நகலைக் கண்டு நண்பர் நகைத்தார்; பிறகு வருந்தினார். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவைத் தாளில் இரண்டு செ.மீ. என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். எம் நகலோ கடைக்காரரால் சிறு தாளுக்கு ஏற்ப ஏழு பத்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டது. ‘1:50,000’ என்னும் எழுத்து மட்டும் அதன்மேல் அப்படியே இருந்தது. எட்டு செ.மீ. அளந்து நான்கு கிலோமீட்டர் என்று கொண்டோம். உண்மையில் அது ஐந்தே முக்கால் கிலோமீட்டர். நகல் எடுப்போர் எண்ணளவையை நம்பாமல், தாளின் அடியில் வரைந்துள்ள கோட்டளவையை நம்புக. படம் சுருங்கினால் கோடும் உடன் சுருங்கும்.

வேறொரு கேடும் விளைந்தது. அத்தாளில் வண்ணமே மொழி. பழுப்பு, சம உயரக்கோடு, நீலம், நீருள்ள ஆறும் குளமும், கறுப்பு, கோடையில் வறளும் ஓடை, சிவப்பு, சாலையும் குடியிருப்பும், பச்சை, காடு, மஞ்சள், விளைநிலம். கறுப்புவெள்ளை நகலில் சாலையும் ஓடையும் உயரக்கோடும் ஒரே நிறமாயின. யாம் பாதை என்று விரலால் தொட்டுக் காட்டியது ஒரு சம உயரக்கோடு!

அக்கோடுகளைப் படிக்கத் தெரிந்திருந்தால் நகலே எம்மைக் காத்திருக்கும். 1:50,000 தாளில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே உயர வேறுபாடு இருபது மீட்டர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. ஓடையைக் கடக்குமிடத்தில் அக்கோடுகள் கூர்முனையாக வளையும். அம்முனை மேட்டுப்பக்கத்தைக் காட்டும். நீர் எத்திசையில் பாய்கின்றது என்பதைச் சொற்பிறப்பு கூறாது, இக்கோடுகள் கூறும். கிழக்கு, மேற்கு என்னும் சொற்கள் தமிழகம் முழுமைக்கும் உண்மை. ஒரு பள்ளத்தாக்கிற்கு அவ்வுண்மையைப் பொருத்தியது எம் பேதைமை.

எந்தப் படம் எதற்கு உரியது என்று அறிதலும் இன்றியமையாதது. 1955-இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குமலைக் காடுகளை 1:2,50,000 அளவையில் வரைந்து வெளியிட்ட படங்கள் அறிவியலுக்குப் பெருங்கொடை. ஆயின் அவற்றில் ஒரு செ.மீ. இரண்டரை கிலோமீட்டர். எங்கே எம்மரம் நிற்கின்றது என அறிய அவை உதவும். எவ்வழி இறங்குவது என அறிய உதவா. மாவட்டச் சாலைப்படமும் சுற்றுலாப் படமும் அத்தகையனவே.

தாளின் எண்ணை அறிந்து கேட்பின் சரியான தாள் கிடைக்கும். பழைய எண்முறையில் புதுச்சேரி 58 எம். செஞ்சி 57 பி. கல்வராயன்மலையும் கொல்லிமலையும் 58 ஐ. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி 57 எல். ஒவ்வொன்றும் 1:50,000 அளவையில் பதினாறு தாள்களாகப் பகுக்கப்பெறும். கடற்கரையையும் எல்லையையும் சார்ந்த தாள்கள் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்காத காலம் ஒன்றிருந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கெனத் தனி வரிசை ஒன்றை வகுத்தது. 2017 முதல் இத்தாள்கள் இணையத்தின் வழியாகவும் கிடைக்கலாயின. புதிய வரிசையின் எண்முறையும் அடிப்படைக் கணக்கும் வேறு. செயற்கைக்கோள் கருவி தரும் எண்ணைப் பழைய தாளில் அப்படியே குறித்தால் நூறு மீட்டருக்கும் மேலாக விலகக்கூடும். தாளின் ஓரத்தில் அச்சான நில அளவை ஆண்டையும் தவறாது பார்க்க வேண்டும். மலை மாறுவதில்லை, சாலையும் ஏரியும் ஊரும் மாறும்.

இத்தாள்களின் பின்னே நிற்கும் உழைப்பை நம் மாணவர் அறிதல் தகும். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையை ஒட்டி, ஏழரை மைல் நீள அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் அளக்கத் தொடங்கினார். பெரும் முக்கோண அளவை அங்கிருந்து வளர்ந்தது. அவருக்கென இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் எடையுள்ள கோணமானியைக் கடலில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். அறிவியற்கருவி என்று தெரிந்ததும் மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். 1808-இல் தஞ்சைப் பெரியகோயிலில் ஏற்றுகையில் அக்கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் அதனைத் தம் கையாலேயே வாரக்கணக்கில் முயன்று செப்பனிட்ட பின்னரே மீண்டும் அளக்கத் துணிந்தார். யாமோ பல்லாண்டு அலமாரியில் கிடந்த பெட்டியை ஒருமுறையும் சோதியாமல் பதினான்கு உயிர்களுக்கு முன் நடந்தோம்.

இருக்குமிடம் அறிதல்

நல்ல கருவியும் நல்ல தாளும் இருந்தும், தாம் நிற்குமிடம் தெரியாவிடின் பயனில்லை. இதற்குப் புதுச்சேரியே சான்று. பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தி, 1761-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியைப் புதுச்சேரியில் இருந்து அளக்கப் புறப்பட்டார். அதற்குள் நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டது. கப்பல் திரும்பியது. சூன் 6-ஆம் நாள் நடுக்கடலில் நின்று அக்காட்சியைக் கண்டார். வானம் தெளிவாக இருந்தது, கருவியும் இருந்தது. ஆடும் கப்பல் நின்ற இடத்தைத் துல்லியமாகக் கூற இயலாமையால் அந்த அளவீடு பயன்படவில்லை. எட்டாண்டு காத்திருந்து 1769-இல் புதுச்சேரியிலேயே நின்றபோது மேகம் மறைத்தது என்பது அவர்தம் தீயூழ்.

நிற்குமிடம் அறியும் முறை எளிது. படத்திலும் கண்ணிலும் தெரியும் இரு குன்றுகளைத் தேர்க. ஒவ்வொன்றின் திசையையும் திசைகாட்டியால் பாகையில் அளந்து, படத்தில் அக்குன்றிலிருந்து பின்னோக்கிக் கோடு இழுக்க. இரு கோடுகளும் வெட்டும் இடமே நாம் நிற்குமிடம். மூன்றாவது குன்றும் ஒத்துவரின் ஐயமில்லை. இதனைப் பழகச் செஞ்சியினும் சிறந்த இடம் நமக்கு அருகில் இல்லை. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. வழி தவறினும் கோட்டைமதில் காத்துக்கொள்ளும்.

“கையில் செல்பேசி இருக்கையில் இவையெல்லாம் எதற்கு?” என மாணவர் வினவலாம். செல்பேசி நன்று, யாமும் வைத்துள்ளோம். செயற்கைக்கோள் குறிப்பிற்குச் சிக்னல் தேவையில்லை, படத்திற்குத் தேவை. ஆதலின் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மின்கலம் தீரும்; மழையில் நனையும்; கல்லில் விழும். தாளும் முள்ளும் மின்கலம் கேட்பதில்லை.

இவையனைத்திற்கும் முன்னே ஒன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்திற்குத் தனி விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. வனத்துறையின் இசைவும் அவ்விடத்து வழிகாட்டியும் இல்லாமல் காட்டினுள் செல்வது இன்று சட்டப்படியும் குற்றம், அறத்தின்படியும் குற்றம். அன்று, “ஓடையைத் தாண்டாதீங்க” என்ற பெரியவரின் சொல்லே எம்மிடமிருந்த மிகச்சரியான நிலவரைபடம். அதனை மடித்து வைத்துவிட்டு, பிழையான இரண்டை விரித்து வைத்துக்கொண்டோம்.

காலந்தாழ்ந்த விடை

“எதை நம்பிப் போனீர்கள்?” என்று கேட்ட பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவர்தம் மறுமையை ஒளிபெறச் செய்வானாக. அவருக்கு யாம் தரவேண்டிய விடை இதுதான்: பாட்டனார் மீதிருந்த அன்பைக் கருவியின்மீது வைத்துவிட்டோம், ஒரு சொல்லின் வேரை அறிந்ததனால் ஓடையின் போக்கையும் அறிவோம் எனத் தருக்கினோம், முகத்தில் அடித்த வெயிலைச் சுட்டிய மாணவனை நம்பவில்லை.

அன்பிற்குரிய மாணவச் செல்வங்களே! இம்முறை நாம் செஞ்சிக்குச் செல்கின்றோம். புறப்படும் முன் ஒரு மாலையில் அனைவரும் முதலியார்பேட்டைக்கு வாருங்கள். ஆற்றங்கரை மணலில் உங்கள் திசைகாட்டிகளை வரிசையாக வைத்து ஒப்பிடுவோம். இருட்டும்வரை இருந்து துருவ மீனையும் பார்ப்போம். படத்தின் வண்ணத்தாள் ஒன்று எம்மிடம் உள்ளது. நகல் எடுப்பின் வண்ணத்திலேயே, சுருக்காமல் எடுப்போம். நடையில் எவர்க்கேனும் ஐயம் எழுமாயின் உரக்கக் கூறுங்கள். அனைவரும் நிற்போம், வெயிலையும் முள்ளையும் தாளையும் ஒருங்கே பார்த்த பின்னரே அடுத்த அடி வைப்போம்.

அந்தப் பித்தளைப் பெட்டியையும் உங்களுக்குக் காட்டுவோம். அது எம் பாட்டனாரின் நினைவு. அதனை இன்றும் துடைத்துத்தான் வைத்திருக்கின்றோம். செஞ்சிக்கு மட்டும் அது வாராது.